ஆர் வரைபடங்களை பிடிஎஃப், எஸ்விஜி, வேர்டு கோப்புகளில் சேமிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேடு, ஆய்விதழ்க் கட்டுரை, அலுவலக அறிக்கை என்று எதற்காக ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் வரைபடம் போட்டாலும் கடைசியில் அதை ஒரு கோப்பாக வெளியே எடுத்தாக வேண்டும். பல நாள் செலவழித்துத் தரவைச் சுத்தம் செய்து நேர்த்தியாக வரைந்தவர்கள்கூட இந்தக் கடைசிப் படியில் அவசரப்பட்டுப் படத்தைக் கெடுத்துவிடுகிறார்கள். மாணவர்களும் சக ஆய்வாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் ஆர் 4 வரிசைப் பதிப்புகளுக்கும், அதில் வரைபடம் வரைய உதவும் ஜிஜிபிளாட்2 பேக்கேஜுக்கும் பொருந்தும். கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். கன்சோலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

திரையில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் மங்கிப்போவது ஏன்?

அது பிஎன்ஜி கோப்பாக இருக்கும். பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் மூன்றும் ராஸ்டர் வகை. படம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பதிவாகியிருக்கும். ஆரில் பிஎன்ஜி கட்டளைக்கு அளவு எதுவும் சொல்லாவிட்டால் 480 பிக்சல் அகலம், 480 பிக்சல் உயரம் என்று எடுத்துக்கொள்ளும். அதைத் தாளில் 6 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 80 புள்ளிதான் கிடைக்கும். நல்ல அச்சுக்குக் குறைந்தது 300 வேண்டும். அதாவது அதே 6 அங்குலத்துக்கு 1800 பிக்சல்.

பிடிஎஃப், எஸ்விஜி, இபிஎஸ், இஎம்எஃப் எல்லாம் வெக்டர் வகை. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை கோடு, இங்கே இந்த எழுத்துருவில் இந்தச் சொல் என்று வரையும் குறிப்புகளே கோப்பில் இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மை குறையாது. கோட்டு வரைபடம், பட்டை வரைபடம், பெட்டி வரைபடம் போன்றவற்றுக்கு வெக்டரைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் எந்த வடிவத்தில் சேமிப்பது?

படம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். லாடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதும் ஆய்வேட்டுக்கு பிடிஎஃப். இணையப் பக்கத்துக்கு எஸ்விஜி. வேர்டுக்கு எஸ்விஜி அல்லது இஎம்எஃப். பவர்பாயின்ட்டில் பிறகு நிறம் மாற்ற வேண்டும், எழுத்தைத் திருத்த வேண்டும் என்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆய்விதழ் இபிஎஸ் கேட்டால் மட்டும் இபிஎஸ். லட்சக்கணக்கான புள்ளிகள் உள்ள படம், செயற்கைக்கோள் படம், புகைப்படம் ஆகியவற்றுக்கு உயர்ந்த தெளிவுள்ள பிஎன்ஜி.

ஜேபெக்கை வரைபடத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம். புகைப்படங்களைச் சுருக்குவதற்காக உருவான முறை அது. கோட்டின் ஓரத்திலும் எழுத்தைச் சுற்றியும் அழுக்குப் படிந்ததுபோல் காட்டும்.

பிடிஎஃப் கோப்பு உருவாகிறது, ஆனால் திறக்கவில்லை. கோப்பு சேதமடைந்திருக்கிறது என்று வருகிறது. ஏன்?

டெவ்.ஆஃப் கட்டளையைக் கொடுத்திருக்க மாட்டீர்கள். பிடிஎஃப் கட்டளை கொடுத்ததும் ஆர் ஒரு கோப்பைத் திறந்து, அதன் பிறகு நீங்கள் வரைவதையெல்லாம் அதற்குள் எழுதத் தொடங்குகிறது. டெவ்.ஆஃப் கொடுத்தால்தான் கோப்பின் வால் பகுதி எழுதப்பட்டு மூடப்படும். அதுவரை அது பாதிக் கோப்புதான், பிடிஎஃப் படிப்பானால் அதைத் திறக்க முடியாது.

இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஸ்கிரிப்ட் நடுவில் பிழை வந்து நின்றால் டெவ்.ஆஃப் வரிக்குப் போய்ச் சேராது. பிழையைத் திருத்தி மறுபடி ஓட்டும்போது இன்னொரு கோப்பு திறக்கும், பழையதும் திறந்தே கிடக்கும். திரையில் படமே வரவில்லை என்று குழம்பிப்போவார்கள். டெவ்.லிஸ்ட் கொடுத்தால் எத்தனை கோப்புகள் திறந்திருக்கின்றன என்று தெரியும். கிராஃபிக்ஸ்.ஆஃப் கொடுத்தால் எல்லாம் ஒரே அடியாக மூடும். சொந்தமாக ஃபங்ஷன் எழுதுபவர்கள் பிடிஎஃப் வரிக்கு அடுத்த வரியிலேயே ஆன்.எக்ஸிட் போட்டு, அதற்குள் டெவ்.ஆஃப் வைத்துவிடுங்கள். பிழை வந்தாலும் கோப்பு ஒழுங்காக மூடிவிடும்.

விண்டோஸில் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஆரே பிழை காட்டினால், அதே பிடிஎஃப் அக்ரோபேட்டில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே மூடினால் இங்கே எழுத முடியும்.

ஃபார் லூப்புக்குள் ஜிஜிபிளாட் வரைந்து சேமித்தேன். படம் வரவேயில்லை.

ஜிஜிபிளாட் கட்டளை ஒரு படப் பொருளை உருவாக்குகிறது, அவ்வளவுதான். அதை பிரின்ட் செய்யும்போதுதான் வரையப்படும். கன்சோலில் நேரடியாக அடித்தால் ஆர் தானாகவே பிரின்ட் செய்துவிடும். லூப்புக்குள்ளும் ஃபங்ஷனுக்குள்ளும் அப்படிச் செய்யாது. படத்தை பிரின்ட் கட்டளைக்குள் வைத்தால் சரியாகிவிடும். லாட்டிஸ் பேக்கேஜிலும் இதே கதைதான். ஆரின் அதிகாரபூர்வக் கேள்வி-பதில் தொகுப்பிலேயே பல காலமாக இடம்பிடித்திருக்கும் கேள்வி இது.

நான் உருவாக்காத ஆர்பிளாட்ஸ் என்ற பிடிஎஃப் கோப்பு என் ஃபோல்டரில் எப்படி வந்தது?

ஆர்ஸ்கிரிப்ட் மூலம் ஸ்கிரிப்டை ஓட்டும்போது திரை கிடையாது. எந்தக் கோப்பையும் திறக்காமல் வரையச் சொன்னால் ஆர் அந்தப் பெயரில் ஒரு பிடிஎஃப் திறந்து அதில் வரைந்துவிடும். அழித்துவிட்டு, எந்த வரி அதை வரைந்தது என்று தேடுங்கள்.

படத்தின் அளவை எப்படித் தீர்மானிப்பது? எப்படிச் சேமித்தாலும் எழுத்து மிகச் சிறிதாகவோ மிகப் பெரிதாகவோ வருகிறது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வெக்டர் கோப்பை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம் என்பதால் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கோடு கூர்மையாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்துக்கும் படத்துக்கும் உள்ள விகிதம் சேமிக்கும் நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. எழுத்தின் அளவு பாயின்ட்டில் இருக்கிறது, தாளின் அளவு அங்குலத்தில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து மாறுவதில்லை.

பிடிஎஃப் கட்டளையின் இயல்பு அளவு 7 அங்குலத்துக்கு 7 அங்குலம். ஜிஜிபிளாட்டின் அடிப்படை எழுத்தளவு 11 பாயின்ட். எக்ஸ், ஒய் அச்சுகளில் உள்ள எண்கள் அதில் 0.8 பங்கு, அதாவது 8.8 பாயின்ட். இந்தப் படத்தை அப்படியே சேமித்து, ஆய்விதழின் ஒற்றைப் பத்திக்குள் போடுகிறீர்கள் என்று வையுங்கள். நேச்சர் இதழில் ஒற்றைப் பத்தி 89 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மூன்றரை அங்குலம். படம் பாதியாகச் சுருங்கும். அச்சு எண்கள் 4.4 பாயின்ட் ஆகிவிடும். கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாது. கோடுகளும் பாதியாக மெலிந்திருக்கும். பக்கத்தில் இன்னொரு படம் வேறு விகிதத்தில் சுருங்கியிருந்தால், ஒரே கட்டுரைக்குள் இரண்டு படங்களில் இரண்டு எழுத்தளவு. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

வழி எளிது. படம் கடைசியில் எந்த அளவில் அச்சாகுமோ அதே அளவில் சேமியுங்கள். 89 மில்லிமீட்டர் பத்தி என்றால், ஜிஜிபிளாட் படத்தைச் சேமிக்கும் ஜிஜிசேவ் கட்டளையில் விட்த் 89, யூனிட்ஸ் எம்எம் என்று கொடுங்கள். பிடிஎஃப் கட்டளை அங்குலம் மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், எனவே 89-ஐ 25.4-ஆல் வகுத்துக் கொடுங்கள். பிறகு படத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் பேஸ்_சைஸ் மதிப்பை 7 அல்லது 8 என்று குறைத்துக்கொண்டால், தாளில் அச்சாகும் எழுத்து நீங்கள் சொன்ன அளவிலேயே இருக்கும். லாடெக்கிலோ வேர்டிலோ போட்ட பிறகு படத்தின் மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள். அளவு மாற்ற வேண்டுமென்றால் ஆருக்குத் திரும்பி வந்து புது அளவில் சேமியுங்கள்.

ஏ4 தாள் ஆய்வேட்டுக்கு ஒரு கணக்கு: தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். இடப்பக்கம் பைண்டிங்குக்கு 40, வலப்பக்கம் 25 விட்டால் எழுதும் பரப்பு 145 மில்லிமீட்டர். உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் ஓர அளவை வைத்து இதே கணக்கைப் போட்டு, அந்த எண்ணை ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் ஒரு மாறியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படமும் அதிலிருந்தே அளவெடுக்கட்டும்.

ஜிஜிசேவில் சேமித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவில் வருகிறதே?

அளவு கொடுக்காவிட்டால் ஜிஜிசேவ் அந்த நேரத்தில் திறந்திருக்கும் வரைபடச் சன்னலின் அளவை எடுத்துக்கொள்கிறது. ஆர்ஸ்டுடியோவில் அந்தப் பகுதியை இழுத்துச் சிறிதாக்கினால் படமும் மாறும். ஆகவே விட்த், ஹைட் இரண்டையும் எப்போதும் எழுதுங்கள். எந்தப் படத்தைச் சேமிக்க வேண்டும் என்பதையும் பெயர் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் கடைசியாக உருவான படத்தைச் சேமிக்கும், அது நீங்கள் நினைத்த படமாக இல்லாமல் போகலாம்.

ஆர்ஸ்டுடியோவின் எக்ஸ்போர்ட் பொத்தானும் சரி, திரையில் உள்ளதை நகலெடுக்கும் டெவ்.காப்பி2பிடிஎஃப் கட்டளையும் சரி, அவசரத்துக்கு உதவும். வெளியிடும் படத்துக்கு வேண்டாம். ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டாளர் ஒரு திருத்தம் கேட்கும்போது எந்த அளவில் சேமித்தோம் என்று எங்குமே பதிவு இருக்காது.

தீமில் 8 பாயின்ட் கொடுத்தேன், ஜியோம்_டெக்ஸ்ட்டில் 8 கொடுத்தேன். இரண்டும் ஒன்றாக இல்லை.

தீமில் உள்ள எண் பாயின்ட், படத்துக்குள் எழுத்து வைக்கும் ஜியோம்_டெக்ஸ்ட்டில் உள்ள எண் மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 23 பாயின்ட். 8 பாயின்ட் வேண்டுமென்றால் 8-ஐ 2.845-ஆல் வகுத்துக் கொடுங்கள், 2.8 வரும். ஜிஜிபிளாட்2 3.5.0 பதிப்பிலிருந்து சைஸ்.யூனிட் என்ற ஆர்க்யுமென்ட்டில் பிடி என்று சொல்லிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

அச்சுப் பெயர்களைத் தமிழில் எழுதினால் பிடிஎஃப்-இல் வெறும் புள்ளிகளாக வருகின்றன. என்ன செய்வது?

தமிழில் அறிக்கை எழுதுகிறவர்கள் படத்துக்குள் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அப்படித் தாவத் தேவையில்லை. வழி இருக்கிறது.

ஆரின் வழக்கமான பிடிஎஃப் கட்டளை, ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய குறிமுறையில் எழுத்தை எழுதுகிறது. தமிழ் அதற்குள் அடங்காது. மாற்ற முடியவில்லை என்று எச்சரிக்கை கொடுத்துவிட்டு ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு புள்ளி வைத்துவிடும். எழுத்துரு பெயரை மாற்றினாலும் இதே நிலைதான்.

அடுத்து எல்லோரும் முயற்சிப்பது ஷோடெக்ஸ்ட் பேக்கேஜ். எழுத்துகள் தெரியும், ஆனால் உற்றுப் பாருங்கள். தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யெழுத்துக்கு முன்னால் வர வேண்டும், ஒகரம் இரண்டு பக்கமும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்துருவின் விதிகளைப் படித்து எழுத்துகளை அடுக்கும் ஒரு இயந்திரம் தேவை. ஷோடெக்ஸ்ட் எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டே போகிறது. கொம்பு தவறான பக்கத்தில் நிற்கும். ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் நன்றாக வேலை செய்கிற பேக்கேஜ், தமிழுக்கு உதவாது.

சரியான வழிகள் மூன்று. லினக்ஸில் கெய்ரோ_பிடிஎஃப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அங்கே ஆர் பாங்கோ என்ற நூலகத்தைக் கொண்டு எழுத்துகளை அடுக்குகிறது. தமிழ் ஒழுங்காக வரும், எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். உங்கள் கணினியில் பாங்கோ இருக்கிறதா என்று பார்க்க ஜிஆர்சாஃப்ட்வெர்ஷன் கட்டளையைக் கொடுங்கள். பாங்கோ என்ற இடத்தில் பதிப்பு எண் இருந்தால் உண்டு, காலியாக இருந்தால் இல்லை.

விண்டோஸ் ஆரில் பாங்கோ வருவதில்லை. அங்கே எஸ்விஜிலைட் பேக்கேஜ் வழியாக எஸ்விஜி எடுங்கள். அது தமிழை எழுத்தாகவே கோப்பில் எழுதிவைக்கிறது, அடுக்கும் வேலையை பிரவுசரோ இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளோ பார்த்துக்கொள்ளும். பிடிஎஃப் வேண்டுமென்றால் இங்க்ஸ்கேப்பில் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். ஒரு எச்சரிக்கை: எஸ்விஜிலைட் கோப்பில் எழுத்துருவின் பெயர் மட்டும்தான் இருக்கும், எழுத்துரு இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டு வரைந்த படத்தை அது இல்லாத கணினியில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து அமரும். அனுப்பும் முன் பிடிஎஃப் ஆக்கிவிடுவது நல்லது.

வெக்டர் கட்டாயம் இல்லையென்றால் ரேக் பேக்கேஜின் பிஎன்ஜி எல்லாக் கணினியிலும் தமிழைச் சரியாக அடுக்கும். எழுத்துகளை அடுக்க ஹார்ஃப்பஸ் என்ற இயந்திரத்தை அது பயன்படுத்துகிறது. 300 அல்லது 600 தெளிவில் எடுத்தால் அச்சுக்கும் போதும்.

எந்த வழியில் போனாலும் முதலில் ஒரு சோதனைப் படம் போடுங்கள். கொழும்பு, சென்னை, கோயம்புத்தூர், ஸ்ரீரங்கம் என்று நான்கு ஊர்ப் பெயர்களை அச்சில் வையுங்கள். ஒகரம், எகரம், ஐகாரம், ஓகாரம், புள்ளி, ஸ்ரீ எல்லாம் இவற்றில் வந்துவிடும். நான்கும் சரியாக இருந்தால் மற்ற சொற்களும் சரியாக வரும்.

எழுத்துருக்கள் பதிக்கப்படவில்லை என்று ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது.

எல்லாப் பிடிஎஃப் படிப்பானுக்கும் தெரிந்ததாகக் கருதப்படும் 14 அடிப்படை எழுத்துருக்கள் உண்டு. ஆரின் இயல்பு எழுத்துருவான ஹெல்வெடிகா அவற்றில் ஒன்று. தெரிந்ததுதானே என்று ஆர் அதைக் கோப்பில் பதிப்பதில்லை. அச்சகமும் ஆய்விதழும் அதை ஏற்பதில்லை. கெய்ரோ_பிடிஎஃப் கொண்டு சேமித்தால் பயன்படுத்திய எழுத்துகள் தாமாகவே பதியும். ஜிஜிசேவில் டிவைஸ் என்ற இடத்தில் அதைக் கொடுக்கலாம். ஏற்கெனவே சேமித்த கோப்பு என்றால் எம்பெட்ஃபான்ட்ஸ் கட்டளை உண்டு, அதற்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிறுவியிருக்க வேண்டும்.

இல்லஸ்ட்ரேட்டரில் திறந்தால் வட்டப் புள்ளிகள் எல்லாம் ஆங்கில எழுத்தாக மாறியிருக்கின்றன!

பழைய ஆர் பதிப்பில் உருவான கோப்பு. அப்போதெல்லாம் சின்ன வட்டங்களை வட்டமாக வரையாமல், டிங்பேட்ஸ் என்ற குறியீட்டு எழுத்துருவிலிருந்து ஒரு குறியை எடுத்து வைத்தார்கள். திறக்கும் மென்பொருளிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் வட்டத்துக்குப் பதில் எழுத்து தெரியும். ஆர் 4.0.0 பதிப்பிலிருந்து இந்த வழக்கம் இயல்பாகவே நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய பதிப்பில் இருந்தால் யூஸ்டிங்பேட்ஸ் மதிப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

ஆய்விதழ் இபிஎஸ் கேட்கிறது. ஒளிபுகும் நிறங்கள் மறைந்துவிடுகின்றன.

இபிஎஸ் என்பது போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியின் ஒரு வடிவம். அதில் பாதி ஒளிபுகும் நிறம் என்ற கருத்தே கிடையாது. ஒளிபுகும் அளவைச் சொல்லும் ஆல்ஃபாவை 0.3 என்று கொடுத்து வரைந்த நம்பிக்கை இடைவெளிப் பட்டை படத்தில் வராமலே போய்விடும். கன்சோலில் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், அதைக் கவனிக்காமல் அனுப்பிவிடுவார்கள்.

ஆல்ஃபாவை நீக்கிவிட்டு வெள்ளையோடு கலந்த வெளிர் நிறத்தை நேரடியாகக் கொடுத்து, பட்டையை முதலிலும் கோட்டை அதன் மேலும் வரைவதுதான் எனக்குப் பிடித்த தீர்வு. கெய்ரோ_பிஎஸ் கட்டளையும் இருக்கிறது, ஆனால் ஒளிபுகும் இடங்களை அது ராஸ்டராக மாற்றிவிடும். பல இதழ்கள் இபிஎஸ் என்று பழைய வழிகாட்டியில் எழுதியிருந்தாலும் பிடிஎஃப்-ஐ ஏற்றுக்கொள்கின்றன. பிடிஎஃப் 1.4 பதிப்பிலிருந்தே ஒளிபுகும் நிறம் உண்டு. ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

இபிஎஸ்தான் வேண்டும் என்றால் செட்இபிஎஸ் கட்டளையை முதலில் கொடுத்துவிட்டு போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளையைக் கொடுங்கள். இல்லையென்றால் படம் முழுத் தாளில் படுக்கைவாக்கில் திரும்பி வரும்.

சிதறல் வரைபடத்தின் பிடிஎஃப் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது.

இரண்டு லட்சம் புள்ளிகள் இருந்தால் இரண்டு லட்சம் வட்டங்களுக்கான குறிப்பு கோப்பில் இருக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக மறைந்துபோன வட்டத்தையும் படிப்பான் ஒவ்வொரு முறையும் வரைந்தே தீரும். ஆய்வேட்டின் அந்தப் பக்கம் வந்ததும் கணினி திணறுவதும் அச்சுப்பொறி நின்றுவிடுவதும் இதனால்தான்.

ஜிஜிராஸ்டர் பேக்கேஜ் இதற்கு அருமையான தீர்வு. புள்ளிகள் உள்ள அடுக்கை மட்டும் ராஸ்டராக்கி, அச்சு, எழுத்து, லெஜண்ட் எல்லாவற்றையும் வெக்டராகவே வைத்திருக்கும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இரண்டு லட்சம் புள்ளியில் வாசகர் எதைப் பார்க்க வேண்டும்? அடர்த்தியைத்தான் என்றால் ஜியோம்_ஹெக்ஸ் போட்டு அறுகோணக் கட்டங்களாகக் காட்டுங்கள். கோப்பும் சிறிது, படமும் தெளிவு.

ஹீட்மேப்பில் கட்டங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன.

கோப்பில் அந்தக் கோடுகள் இல்லை. பிடிஎஃப் படிப்பான் ஓரங்களை மழுப்பிக் காட்டும்போது அடுத்தடுத்த இரண்டு கட்டங்களின் இடையில் பின்புல வெள்ளை கசிகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் கோடு தடிக்காமல் அப்படியே இருக்கும், அதிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஜியோம்_டைல் பயன்படுத்தினால் கட்டத்தின் ஓர நிறத்தையும் உள் நிறத்தையும் ஒன்றாகக் கொடுங்கள். கட்டங்கள் எல்லாம் ஒரே அளவென்றால் ஜியோம்_ராஸ்டர் இன்னும் நல்லது. மேக் கணினியின் ப்ரிவியூ மென்பொருள் அந்த ராஸ்டரை மங்கலாக்கிக் காட்டும், வேறு படிப்பானில் திறந்து சரிபாருங்கள்.

வேர்டில் வெக்டர் படம் வைக்க முடியுமா?

முடியும். ஆஃபிஸ் 2019, மைக்ரோசாஃப்ட் 365 இரண்டும் எஸ்விஜி-ஐ நேரடியாக ஏற்றுக்கொள்கின்றன. பழைய வேர்டு என்றால் இஎம்எஃப். விண்டோஸ் ஆரில் உள்ள வின்.மெட்டாஃபைல் கட்டளை ஒளிபுகும் நிறங்களைக் கையாளாது. டெவ்இஎம்எஃப் பேக்கேஜ் அதைக் கையாளும், லினக்ஸிலும் மேக்கிலும்கூட இஎம்எஃப் உருவாக்கும். இபிஎஸ்-ஐ வேர்டில் வைக்கப் பார்க்காதீர்கள். பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் அந்த வசதியையே நிறுத்திவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம். கட்டுரையை வேர்டில் எழுதுகிறவர்கள் படங்களைத் தனிக் கோப்புகளாகவும் பத்திரமாக வைத்திருங்கள். வேர்டு தனக்குள் வைத்த பிஎன்ஜி படங்களைச் சேமிக்கும்போது சுருக்கிவிடும், அமைப்பில் போய் அதை நிறுத்திவைக்க வேண்டும்.

பவர்பாயின்ட்டில் திருத்தக்கூடிய படமாக வேண்டும்.

ஆஃபிஸர் பேக்கேஜோடு ஆர்விஜி பேக்கேஜைச் சேர்த்துப் பயன்படுத்துங்கள். படத்தை டிஎம்எல் ஃபங்ஷனுக்குள் வைத்து, பிஎச்_வித் மூலம் ஸ்லைடில் சேர்த்தால், ஒவ்வொரு பட்டையும் எழுத்தும் பவர்பாயின்ட்டின் சொந்த வடிவமாகவே வரும். மேலதிகாரி கூட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் நிறத்தை மாற்றச் சொன்னாலும் ஆரைத் திறக்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்துகளும் இந்த வழியில் பவர்பாயின்ட்டாலேயே அடுக்கப்படும் என்பது கூடுதல் நன்மை.

எழுத்தையும் ஆர் கட்டளைகளையும் ஒரே ஆவணத்தில் வைக்கும் ஆர் மார்க்டவுனில் எழுதினால் இதெல்லாம் தேவையா?

அளவு பற்றிய கவலை அங்கேயும் உண்டு. பிடிஎஃப் ஆவணத்தில் இயல்பாக 6.5-க்கு 4.5 அங்குலம், வேர்டு ஆவணத்தில் 5-க்கு 4. ஃபிக்.விட்த் என்பது படம் வரையப்படும் அளவு, அவுட்.விட்த் என்பது ஆவணத்தில் காட்டப்படும் அளவு. இரண்டும் வேறுபட்டால் மேலே சொன்ன சுருங்கும் சிக்கல் இங்கேயும் வரும். ஃபிக்.விட்த்தை மட்டும் சரியாகக் கொடுத்துவிட்டு மற்றதைத் தொடாமல் இருப்பது நல்லது.

தமிழ்ப் பெயர்கள் உள்ள படங்களுக்கு ஆவணத்தின் தொடக்கத்திலேயே டெவ் மதிப்பை மாற்றுங்கள். லினக்ஸில் பிடிஎஃப் ஆவணத்துக்கு கெய்ரோ_பிடிஎஃப், மற்றவற்றுக்கு ரேக்_பிஎன்ஜி.

லாடெக் கட்டுரையின் எழுத்துருவே படத்திலும் வர வேண்டும். முடியுமா?

டிக்ஸ்டிவைஸ் பேக்கேஜ் படத்தை லாடெக் கட்டளைகளாகவே எழுதித் தரும். எழுத்துகளை லாடெக்கே அடுக்கும், கணிதக் குறியீடுகள் கட்டுரையில் இருப்பதுபோலவே வரும். தொகுக்க நேரம் பிடிக்கும், புள்ளிகள் அதிகம் உள்ள படத்துக்கு லாடெக்கின் நினைவகம் தாங்காது. சமன்பாடுகள் நிறைந்த இரண்டு மூன்று படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பைத்தானில் மேட்பிளாட்லிப் பயன்படுத்துகிறேன். எனக்கு எது பொருந்தும்?

அளவு பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும். அங்கே இயல்பு 6.4-க்கு 4.8 அங்குலம். பிபாக்ஸ்_இன்சஸ் என்பதை டைட் என்று வைத்தால் ஓரம் வெட்டப்பட்டு நீங்கள் கொடுத்த அளவு மாறிவிடும், கவனம். பிடிஎஃப்.ஃபான்ட்டைப் மதிப்பு இயல்பாக 3, அதைப் பல மாநாடுகள் ஏற்பதில்லை. 42 என்று மாற்றுங்கள். எஸ்விஜி-இல் எழுத்துகள் எழுத்தாகவே இருக்க வேண்டுமென்றால் எஸ்விஜி.ஃபான்ட்டைப் மதிப்பை நன் ஆக்குங்கள்.

அச்சகத்தில் சிஎம்ஒய்கே என்ற அச்சு மை நிறமுறையில் கேட்கிறார்கள்.

பிடிஎஃப் கட்டளையில் கலர்மாடல் என்ற இடத்தில் சிஎம்ஒய்கே என்று கொடுத்தால் போதும். கெய்ரோ வழியில் இந்த வசதி இல்லை. பளிச்சென்ற பச்சையும் நீலமும் அச்சில் மந்தமாகும் என்பதால் ஒரு மாதிரிப் பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு நிறத்தை முடிவு செய்யுங்கள்.

படத்தில் எதுவுமே மாறவில்லை, ஆனால் கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் மென்பொருளில் ஒவ்வொரு முறையும் பிடிஎஃப் மாறியதாகக் காட்டுகிறது.

கோப்புக்குள் உருவான நேரம் பதிவாகிறது, அதுதான் மாறுகிறது. ஆரின் புதிய பதிப்புகளில் பிடிஎஃப் கட்டளைக்கு டைம்ஸ்டாம்ப் என்ற ஆர்க்யுமென்ட் உண்டு. அதை ஃபால்ஸ் ஆக்கினால் அந்தத் தொல்லை இல்லை. எஸ்விஜி வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் எந்தக் கோடு எங்கே நகர்ந்தது என்பதையே கிட்டில் வரிவரியாகப் பார்க்கலாம். குழுவாகச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் பொதுக் களஞ்சியத்தில் எஸ்விஜி வைத்துக்கொண்டு, அனுப்பும் நாளில் பிடிஎஃப் உருவாக்கிக்கொள்ளலாம்.